பசுவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு

1

ஊரிலிருந்து வரும் கடுதாசிகளில் என்னை 'வெளிநாட்டுக்காரர்' என்றுதான் எழுதுவார்கள். கேலிதான். எங்கள் தெருவில் பர்மாவுக்குப் போனவர்கள் உண்டு, கொழும்புக்குப் போனவர்கள் உண்டு. கப்பல் ஏறாமல் போடிமெட்டு மட்டும் ஏறி, மலையாளச் சீமையில் இறங்கி வெளிநாடு போனவன் நான் ஒருவன்தான். வருகிற சித்திரையோடு இருபது வருஷம். பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை. ஆனால் ரேஷன் கார்டு வாங்க ஒரு வருஷம் நடந்தேன். சொந்த ஊர் என்ற கட்டத்தில் கீழக்கடையம் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, எப்போது திரும்பிப் போவதாக உத்தேசம் என்று விசாரித்தார். அப்போதே எனக்கு இரண்டு பிள்ளைகள் இங்கே பிறந்திருந்தார்கள்.

நம்மூர் வாசகசாலை மலருக்கு இருபது வருஷ அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். யானை, அட்டை, குளிர் என்று மூன்று பக்கம் நிரப்பிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் எங்கள் மாடு விழுந்துவிட்டது. ஆகவே இது மாடு விழுந்த கதை. சரியாகச் சொன்னால், மாட்டைப் பார்த்து நான் விழுந்த கதை.

2

பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் எனக்கு மருந்து மேஸ்திரி வேலை. மருந்து என்றதும் ஊசி, மாத்திரை என்று நினைத்து மரியாதை கொடுத்துவிட வேண்டாம். களைக்கொல்லியைத்தான் இங்கே மருந்து என்கிறோம். நான் வந்த புதிதில் பெண்கள் குனிந்து உட்கார்ந்து சுரண்டியால் களை எடுப்பார்கள். எழுபது பிறந்த பிறகுதான் தகர டிரம்களில் இது வந்து இறங்கியது. தொரை, அதாவது எங்கள் மேனேஜர், எல்லாரையும் ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தி விளக்கினார். இது புல்லில் பட்டால் புல் சாகும், வேறு எதற்கும் ஒன்றும் ஆகாது என்றார். எது புல் என்று அதற்கு எப்படித் தெரியும் தொரை என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கேள்வி அதோடு போயிற்று. கோமாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பீப்பாய்த் தண்ணீரில் மருந்தை அளந்து ஊற்றிக் கலக்குவது என் வேலை. கலக்கக் கம்பு உண்டு. கம்பு காணாமல் போன நாளில் கை உண்டு. ஏழு பேர் முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக அடித்துப் போவார்கள். பம்பு ஒழுகும், முதுகு நனையும். ஏழு பேரில் முதல் ஆள் முருகையா, என் மனைவி செல்லத்தாயின் தம்பி. அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது நான்தான். கல்யாணம் ஆகாத பையன், ஒருவர் கண்ணில் இருக்கட்டும் என்று அவள்தான் சொன்னாள். கண்ணில்தான் வைத்திருந்தேன்.

மருந்து அடிக்கிறவர்களுக்கு எஸ்டேட்டில் ஒரு சலுகை உண்டு. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பால். விஷம் ஏதாவது உள்ளே போயிருந்தால் பால் முறித்துவிடும் என்று ஏற்பாடு. அந்தப் பால் எங்கள் வீட்டுச் செவலை மாட்டுடையது. காலையில் செல்லத்தாய் கறந்து அனுப்புவாள், சாயந்தரம் நான் ஊற்றிக் கொடுப்பேன்.

அந்த டம்ளரில்தான் முதலில் பார்த்தேன். முருகையா வாங்கும்போது பால் ததும்பிக் கையில் வழிந்தது. மறுநாளும் வழிந்தது. "என்ன மாப்ளே, பொண்ணு பாத்தாச்சா, இப்பமே கை நடுங்குது" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அதற்கும் ஒரு சிரிப்புக்கு என்னிடம் சரக்கு இருந்தது. சட்டைப் பொத்தான் போட அவனுக்கு நேரமாயிற்று. காலைப் பெயர் கூப்பிடும்போது, ஆஜர் என்று சொல்ல அரை நிமிஷம் பிந்தினான். தூக்கக் கலக்கம் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பெயர் இருந்தது.

3

மாடு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். எழுந்து நின்றது, பின்னங்கால் பின்ன, மறுபடி உட்கார்ந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி இருந்தது. வாயில் நுரை.

அரசாங்க மிருகாசுபத்திரி கீழே நாலு மைலில் இருக்கிறது. அங்கே முதலில் அபேக்ஷை எழுத வேண்டும், மனுவுக்கு இங்கே அப்படித்தான் பெயர். என் மலையாள எழுத்தைப் பார்த்தால் மாடே எழுந்து ஓடிவிடும் என்பதால், எட்டாவது படிக்கிற மகள் வள்ளியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனேன். அவள் மளமளவென்று எழுதினாள். பெயருக்கு முன்னால் வரும் என் இனிஷியலை அவள் பின்னால் போட்டிருந்தது எனக்கே புதிதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் வழக்கம் என்றாள். பிள்ளைகளைக் கப்பலில் அனுப்பினால்தான் தூரம் போவார்கள் என்றில்லை.

டாக்டர் எங்களோடு ஜீப்பில் வந்தார். நடுவயது மலையாளி. ஈரப் படியில் கால் வைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துத் தமிழ் பேசுவார். மாட்டின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வாயை மோந்தார், பிறகு தொழுவத்து மூலையில் கிடந்த புல்கட்டைக் காலால் புரட்டினார். இது எந்த இடத்துப் புல் என்று கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மருந்து அடித்தால் புல் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். காயப் போகிற புல் வீணாகலாமா? ஆகவே மருந்து அடித்த அன்றைக்கே, வேலை முடிந்து திரும்பும்போது, அடித்த வரிசையிலிருந்தே பச்சையாக ஒரு கட்டு அறுத்துத் தலையில் வைத்து வருவோம். ஏழு பேரும் அப்படித்தான், எட்டாவது ஆள் நான். மாடில்லாதவர்கள் மாடுள்ளவர்களுக்குக் கொடுப்பார்கள். ஒரு கட்டு தினமும் தொரை பங்களாத் தொழுவத்துக்கும் போகும். மருந்து பட்ட புல்லில் ஒரு இனிப்பு ஏறுமோ என்னவோ, செவலை அதைத்தான் முதலில் இழுக்கும். மாட்டுக்கே பிடித்திருக்கிறது என்று எங்களுக்குச் சந்தோஷம்.

இதைச் சொன்னேன். டாக்டர் புல்கட்டை வெளியே வீசச் சொன்னார். பிறகு அடுப்புக்கரியை இடித்துச் சலிக்கச் சொன்னார், ஓடைக்கரைக் களிமண்ணைக் குழைக்கச் சொன்னார். இரண்டையும் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் மாட்டின் கடைவாயில் ஊற்றினார். வேளைக்கு ஒன்றாக மூன்று நாள் கொடுக்க வேண்டும். கரியும் களிமண்ணும் வயிற்றில் விஷத்தைப் பிடித்து வைத்து, ரத்தத்தில் ஏற விடாமல் சாணியோடு வெளியே கொண்டுபோகும் என்று விளக்கினார்.

தலைக்குப் போய்விட்டது என்றால் என்ன செய்வது டாக்டர் என்றேன்.

"வயிற்றில் நிற்கும்போது பிடிச்சால் பிடிச்சது. தலைக்குப் போனதை வெளியே எடுக்க எனக்குத் தெரியாது. எலிக்கும் முயலுக்கும் ஏதேதோ கொடுத்துப் பார்க்கிறாங்க என்று படிச்சிட்டுண்டு. முடிவு வந்ததாகத் தெரியாது."

மனுஷனுக்கு என்று ஆரம்பித்தேன். நான் மாட்டு டாக்டர் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது. பிறகு வள்ளியிடம் திரும்பி மலையாளத்தில் மூன்று நிமிஷம் பேசினார். அவள் தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். பால் யாரும் குடிக்கக் கூடாதாம் என்றாள். மூன்று நிமிஷப் பேச்சுக்கு ஒரு வரிதானா என்று சந்தேகமாக இருந்தது. மலையாளம் நீட்டிப் பேசுகிற பாஷை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4

அன்றிலிருந்து என் தலையை நானே வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

முழங்கை வரை விட்டுக் கலக்கியவன் நான். புல்கட்டைத் தலையில் சுமந்தவன் நான். கட்டிலிருந்து சொட்டியது வேறெங்கே போயிருக்கும்? மூளைக்கு நேர் மேலே அல்லவா ஓட்டை போட்டு ஊற்றியிருக்கிறேன். பரீட்சை வைத்துப் பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரை ரயில் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மூச்சு விடாமல் சொல்வேன். பேட்டை, சேரன்மாதேவி, காருகுறிச்சி, அப்புறம் நேரே கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விட்டேன். நடுவில் ஒரு ஊரைக் காணோம். வீரவநல்லூர் என் மண்டைக்குள்ளிருந்து முழுசாகப் பெயர்ந்து போயிருந்தது. என் சொந்த அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். அந்தப் பெயரைத் தேடி எடுக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று.

பேச்சிலும் கோளாறு தென்பட்டது. 'போதும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மதி' என்று மலையாளம் வந்தது. இருபது வருஷம் இந்த ஊர்க் கடையில் அரிசி வாங்கினால் எவனுக்கும் அப்படித்தான் வரும். ஆனால் பயந்தவனுக்கு எல்லாமே சாட்சி. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு தேயிலையை வைத்துப் பார்த்தேன். இலை ஆடியது. காற்றா, கையா? கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஆடியது.

மாடு விழுந்த மறுநாள் மத்தியானம் செவலைக்கு வேளை மருந்து ஊற்றிய பிறகு, வாளியில் மீதி இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். மாடு மட்டும் என்னைப் பார்த்தது. அதுவும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு செம்பு மொண்டு கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஆற்றுப் படுகையை அடுப்போடு சேர்த்து விழுங்கின ருசி. மூங்கில் குழாய் இல்லாமல் மனிதனால் குடிக்க முடியாது என்பது என் கண்டுபிடிப்பு, வேண்டுமானால் டாக்டரிடம் சொல்லலாம். இன்னொரு செம்பும் குடித்தேன்.

உள்ளே போனதும் செல்லத்தாய் என் வாயைப் பார்த்தாள். பல்லெல்லாம் கறுப்பு. மீசையில் களிமண். நான் சிரித்து வைத்தேன். சிரித்ததால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

"மாட்டு மருந்த நீங்க குடிச்சீய, சரி" என்றாள். "எந்தம்பிக்கு ஒரு செம்பு வச்சீயளா?"

வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவன் கை நடுங்குவதை ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டு, என் கையில்தான் இலையை வைத்துச் சோதித்திருக்கிறேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு முருகையா இருக்கும் லயத்துக்கு, கூலியாட்களின் வரிசை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவன் சிரித்தான். தனக்குத்தான் தொரை தினமும் பால் தருகிறாரே, இது எதற்கு என்றான். அது எந்த மாட்டுப் பால் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் நான்தான் வரிசையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, டாக்டர் பால் குடிக்கக் கூடாது என்றதையும் சேர்த்து. அவன் மெதுவாக யோசித்தான். இப்போதெல்லாம் மெதுவாகத்தான் யோசிக்கிறான்.

"அப்பம் அத்தான், மருந்த நான் அடிக்கேன். அந்தப் புல்ல நானே அறுத்துக் குடுக்கேன். அது பாலாத் திரும்பி எனக்கே வருது."

"ஆமா மாப்ளே."

"நல்ல ஏற்பாடு" என்றான்.

என் சரக்கை அவன் எடுத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

அவனை எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். கம்பவுண்டர் அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சாராயம் உண்டா என்று கேட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உண்டு என்றான். அவ்வளவு போதும் அவருக்கு. குடியை நிறுத்தச் சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். மருந்து அடிக்கிற வேலையிலிருந்து மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். மருந்தால் வந்தது என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். மாட்டு டாக்டர் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். எனக்கே நிச்சயம் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் வள்ளி, டாக்டர் கொடுத்துப் போன சீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை மாட்டுக்கான மருந்துச் சீட்டு என்று ஆணியில் குத்தி வைத்திருந்தோம். அவள் படித்துத் தமிழில் சொன்னாள். 'களைக்கொல்லி விஷம் எனச் சந்தேகம். மருந்து தெளித்த இடத்துப் புல்லைக் கறவை மாடு எதற்கும் கொடுக்கக் கூடாது. பால் விலக்கவும்.' அதோடு முடியவில்லை. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. மருந்தைக் கையாளும் ஆட்களையும் ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வீட்டில யாருக்காவது கை நடுங்குதான்னு அந்த டாக்டர் கேட்டார். ரெண்டு பேருக்குன்னு சொன்னேன்" என்றாள். "உங்ககிட்ட சொன்னா பேடிச்சுப் போவீங்க."

பயந்துபோவீர்கள் என்கிறாள். என் பயம் ரகசியம் என்று நினைத்திருந்தேன். அடுத்த பாஷைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து மகள் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். முருகையாவை மாற்றச் சொல்லி நேராகவே கேட்டேன். டிஸ்பென்சரிச் சீட்டு இருந்தால் பார்க்கலாம் என்றார் தொரை. இது இருக்கிறது என்று நீட்டினேன். படித்தார். அவர் மலையாளிதான், நன்றாகவே படிப்பார். இது மாட்டுக்கு அல்லவா என்று சிரித்தார். கடைசி வரி வரை போனாரா, போகாமல் நின்றாரா, எனக்குத் தெரியாது. அவருடைய கட்டை விரல் அந்த இடத்தில் இருந்தது.

சீட்டைத் திருப்பித் தரப் போனவர், கையை நிறுத்தினார். பங்களாத் தொழுவத்துக்குப் புல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

பங்களாவில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அந்த மாட்டுப் பால்தான் குடிக்கிறது.

என் வாழ்க்கையில் வேடிக்கை பேசாமல் நின்ற அரை நிமிஷம் அது. பிறகு, அந்த வரிசைப் புல்தான் தொரை, தினமும் ஒரு கட்டு, முருகையா தலையில்தான் வரும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். சீட்டை மறுபடி எடுத்து, விரலை நகர்த்தி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கடைசி வரை படித்தார். அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்த பயம். கதவைச் சாத்திவிட்டு இலையை வைத்துப் பார்த்தவனுக்கு அது தெரியும்.

மருந்து படாத புல் வேண்டும் என்றால் ஓடைக்கு அப்பால் போக வேண்டும், அதற்கு முழு நாளும் ஒரு ஆள் வேண்டும் என்றேன். யாரைப் போடலாம் என்று அவரே கேட்டார். முருகையாவைப் போடலாம், பம்பைத் தொடாமல் இருந்தால் பங்களாத் தொழுவத்துக்கும் நல்லது, கையில் மருந்து வாடை இருக்காது என்றேன். சரி என்றார். பெயர்ப் பதிவில் மருந்து என்ற இடத்தில் அடித்துவிட்டுப் புல் என்று எழுதினார். மனுஷனுக்காகக் கேட்டுக் கிடைக்காதது பசுவின் சீட்டில் கிடைத்தது.

6

செவலை எழுந்துவிட்டது. மூன்றாம் நாளே தள்ளாடாமல் நடந்தது. கரியா, களிமண்ணா, புல்லை நிறுத்தியதா, எதனால் என்று கேட்டால் டாக்டரும் தோளைத்தான் குலுக்குவார். முருகையா ஓடைக்கு அப்பால் போய்ப் புல் அறுக்கிறான். கை நடுக்கம் நிற்கவில்லை. கூடியதாகவும் தெரியவில்லை. செல்லத்தாய் தினமும் அவன் சட்டைப் பொத்தானைப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்க்கிறேன். மாட்டுக்குச் சரியானது அவனுக்கும் சரியாகும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், மீதி ஆறு பேரும் பம்பை மாட்டாமல் என்னைச் சுற்றி நின்றார்கள். பால் டம்ளர் ஏன் நின்றது என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதல் ஆள் என் காதருகே வந்து, தன் மாடும் சரியாகத் தின்ன மாட்டேன் என்கிறது, முருகையாவை மாற்றின மாதிரி ஒரு சீட்டு வாங்கித் தர முடியுமா என்றான். இரண்டாமவன் மாடு நடக்கும்போது இடது காலை இழுக்கிறதாம். நாலாவது ஆளிடம் மாடு கிடையாது, மாமனார் வீட்டில் ஒன்று இருக்கிறது என்றான்.

கடைசியாக வந்தவன் பொன்னுச்சாமி. தனியாள். ஒரு கோழி கூட வளர்த்ததில்லை.

"ஒம் மாட்டுக்கு என்னடே?" என்று கேட்டேன்.

"விடிஞ்சு எந்திரிக்கும்போது விரல் வெறைச்சுப் போவுது அண்ணாச்சி" என்றான், தரையைப் பார்த்தபடி. "கூடப் பொறந்தவ பேரு சட்டுன்னு வாய்ல வர மாட்டேங்கு."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் நோட்டைத் திறந்து, ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு மாடு என்று எழுதிக்கொண்டேன். பொன்னுச்சாமியின் மாட்டுக்கு நிறம் எழுத வேண்டியிருந்தது. கறுப்பு என்று போட்டேன்.

மிருகாசுபத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்தான். டிரம்மைத் திறக்க வேண்டாம், பம்புகளைச் சுவரில் சாய்த்து வையுங்கள், தொரை கேட்டால் மேஸ்திரி மாடு பார்க்கப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, படியிறங்கினேன்.